டியர்டிராப் டிரெய்லர் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் கண்ணீர்த்துளி வடிவ முகாம் வண்டிதான் டியர்டிராப் டிரெய்லர். இதில் எஞ்சின் கிடையாது, கியர் கிடையாது. ஒரு அச்சு, இரண்டு சக்கரம், இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு கூடு, பின்மூடியைத் தூக்கினால் ஒரு குட்டி அடுப்படி, ஒரு 12 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். கோளாறு வருகிற இடங்களும் அதனால் குறைவு. என்னுடைய டிரெய்லரிலும், முகாம் போட்ட இடங்களில் பக்கத்தில் நின்றவர்களின் டிரெய்லர்களிலும் நான் கை வைத்ததெல்லாம் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு இடங்களில்தான்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பெரிய செலவு வைக்கும் காரணம் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் வருடம் நான் மாற்றினேன். விளக்கு மங்குகிறது என்று பின்விளக்கு இரண்டையும் புதிதாக வாங்கி மாட்டினேன். மங்கல் அப்படியே இருந்தது. கோளாறு துருப்பிடித்த ஒரு ஸ்க்ரூவில் இருந்தது.

கையோடு இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், டயர் காற்று மானி, உப்புத்தாள், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்ட நீளமான ஒயர், ரசமட்டம், ஜாக்கி, சக்கரத்துக்கு வைக்கக் கட்டைகள், ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர்.

## விளக்குகள் சரியாக எரியவில்லை

### ஒரே ஒரு விளக்கு மட்டும் செத்துக் கிடக்கிறது

பல்பைக் கழற்றி இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் பல்பு உட்காரும் குழியைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, மின் இணைப்புக்கான கிரீஸைக் கொஞ்சம் தடவி மறுபடி மாட்டுங்கள். எல்.இ.டி. விளக்காக இருந்தால் அந்த ஒயரில் டெஸ்ட் லேம்பை வைத்துப் பாருங்கள். மின்சாரம் வருகிறது, விளக்கு எரியவில்லை என்றால் அதன் எர்த்தை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் இணைப்பை, முதலில் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் விளக்கை மாற்ற வேண்டும்.

### எல்லாம் மங்கல், அல்லது இண்டிகேட்டர் போட்டால் மற்றதும் சேர்ந்து மினுக்குகிறது

இது எர்த் கோளாறு. பத்துக்கு ஒன்பது முறை அதுதான். மின்சாரம் திரும்பிப் போக நல்ல வழி இல்லாதபோது வேறு விளக்கின் வழியாகப் புகுந்து போகப் பார்க்கும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று மினுக்குகிறது.

உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். நீள ஒயரின் ஒரு முனையைக் காரின் பேட்டரி நெகட்டிவிலோ காரின் அடியில் உள்ள வெற்று உலோகத்திலோ மாட்டுங்கள், மறுமுனையை டிரெய்லர் சட்டத்தின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். விளக்குகள் பளிச்சென்று ஆகிவிட்டால் பிளக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் எர்த் அறுந்திருக்கிறது. ஆகவில்லையென்றால் அதே ஒயரை விளக்கின் எர்த் ஒயருக்கே கொண்டுபோங்கள். இப்போது எரிந்தால் கோளாறு சட்டத்துக்கும் அந்த விளக்குக்கும் இடையில்.

டிரெய்லரின் எர்த் ஒயர் பெரும்பாலும் வெள்ளை நிறம், சட்டத்தின் மூக்குப் பகுதியில், அதாவது காரோடு பூட்டும் முன் நுனியில், ஒரு ஸ்க்ரூவில் முறுக்கியிருக்கும். என்னுடையதில் அந்த ஸ்க்ரூ பெயின்டின் மேலேயே ஏற்றப்பட்டிருந்தது. கழற்றிப் பார்த்தபோது வளையத்தின் அடியில் ஒரு பொட்டு அளவுக்குக்கூட வெற்று உலோகம் தெரியவில்லை. ஸ்க்ரூவின் மரை மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தது, அதுவும் பழுப்பாகிப் போயிருந்தது. பெயின்டைச் சுரண்டி, பல்வாஷர் போட்டு, புது ஸ்க்ரூ ஏற்றி, மேலே கிரீஸ் பூசினேன். அதற்கப்புறம் அந்த இடத்தை நான் தொடவே வேண்டியிருக்கவில்லை.

### எதுவுமே எரியவில்லை

முதலில் பிளக்கை எடுத்துவிட்டுக் காரின் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். சாக்கெட்டிலேயே மின்சாரம் இல்லையென்றால் கோளாறு காரில் இருக்கிறது, டிரெய்லரில் இல்லை. காரின் ஃபியூஸ் பெட்டியில் டிரெய்லருக்கென்று தனி ஃபியூஸ் இருக்கும், அதைப் பாருங்கள். ஃபியூஸை மாற்றியதும் மறுபடி எரிந்துபோனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். எங்கோ ஒயர் உரிந்து சட்டத்தைத் தொடுகிறது. அச்சுக்கு மேலே ஒயர் வளையும் இடம், மூக்குக் குழாய்க்குள் நுழையும் ஓட்டை, இந்த இரண்டிலும்தான் முதலில் உரியும்.

### ஓடும்போது மட்டும் விட்டுவிட்டு எரிகிறது

பிளக் தளர்ந்திருக்கும். பின்களை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மயிரிழை அகட்டினால் சரியாகிவிடும். இன்னொன்று, திருப்பத்தில் ஒயர் இழுபடுகிற அளவுக்குக் குட்டையாக இருக்கலாம். முழுத் திருப்பம் வரை தொய்வு இருக்க வேண்டும், ஆனால் தரையில் உரசக் கூடாது.

எப்போது எலக்ட்ரீஷியன்: ஃபியூஸ் இரண்டு தடவைக்கு மேல் எரிந்தும் உரிந்த இடம் கிடைக்கவில்லையென்றால். காரின் சொந்த ஒயரிங்கை வெட்ட வேண்டி வந்தாலும் நிறுத்துங்கள். இப்போதைய கார்களில் கண்ட இடத்தில் ஒயரைச் சேர்த்தால் காரின் கணினி குழம்பிவிடும்.

## சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கிறது

இந்த அறிகுறியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மற்ற கோளாறுகள் பயணத்தைக் கெடுக்கும், இது சக்கரத்தையே கழற்றி எறியும்.

பழக்கமாக்கிக் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் இறங்கி இரண்டு ஹப்புக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். உடனே தொடாதீர்கள், முதலில் சூடு வீசுகிறதா என்று உணருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைத்திருக்க முடியாத சூடு இயல்பல்ல. அதைவிட முக்கியம் ஒப்பீடு: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாக அதிகம் கொதித்தால் அந்தப் பக்கம் கோளாறு. வெயில் அடிக்கிற பக்கம் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணங்கள் வரிசையாக:

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் கைபிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவசரத்தில் கிளம்பும்போது மறந்துபோவது சகஜம்.

கிரீஸ் போதவில்லை, அல்லது பழசாகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை, அல்லது சுமார் 19,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அப்போது பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். கழற்றும்போது பழைய கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போய்விட்டது. மினுமினுவென்று பொடி தெரிந்தால் பேரிங்கே அரைபட்டிருக்கிறது.

நட்டை இறுக்கிவிட்டார்கள். கிரீஸ் மாற்றிய உடனே சூடு வந்தால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கூம்பு பேரிங் உள்ள ஹப்பில் நடு நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, அப்புறம் தளர்த்தி, விரலால் மட்டும் திருப்பி நிறுத்திக் காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி) போட வேண்டும். ஸ்பானரால் இறுக்கியபடியே விட்டால் பேரிங் வெந்துவிடும். சில அச்சுகளில் பேரிங் மூடிய ஒரே கட்டாக வரும். அவற்றுக்குக் கிரீஸும் அடைக்க முடியாது, இந்த முறையும் பொருந்தாது. அச்சின் கையேட்டில் உள்ளபடிதான் இறுக்க வேண்டும்.

பேரிங் தேய்ந்துவிட்டது. சோதிக்க ஜாக்கி போடுங்கள், ஆனால் அச்சுக்கு அடியில் அல்ல, சட்டத்துக்கு அடியில். டியர்டிராப்களில் பலவற்றுக்கு ரப்பர் முறுக்கு அச்சுதான், அதாவது குழாய்க்குள் ரப்பர் வைத்த அச்சு; அந்தக் குழாய்க்கு அடியில் ஜாக்கி கொடுத்தால் அச்சு வளையும். டிரெய்லர் காரோடு பூட்டியே இருக்கட்டும், மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக்கென்று அடித்தால் தளர்ச்சி. அப்புறம் சுற்றிவிட்டுக் காதை வையுங்கள். உஸ்ஸென்று ஒரே சீராகச் சுற்ற வேண்டும். மணலை அரைக்கிற மாதிரி கேட்டால் பேரிங் போய்விட்டது. உள், வெளி பேரிங் இரண்டையும் அவற்றின் வளையங்களோடு சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தில் புது பேரிங் நிலைக்காது.

நிப்பிள் வழியாக கிரீஸ் அடிக்கும் வசதி இருந்தால் ஒரு எச்சரிக்கை. "நிறைய இருந்தால் நல்லது" என்று துப்பாக்கியை அழுத்திக்கொண்டே இருந்தால் பின்பக்க சீல் பிதுங்கிவிடும். பிரேக் உள்ள டிரெய்லரில் அந்த கிரீஸ் நேராக பிரேக் ஷூவில் போய் ஒட்டும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள்.

எப்போது மெக்கானிக்: வளையம் அச்சு முனையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை, அச்சு முனை நீலம் பாய்ந்திருக்கிறது அல்லது கோடு விழுந்திருக்கிறது என்றால் இது உங்கள் வேலை இல்லை. வழியில் ஹப் புகைந்தால் ஒரு கி.மீ. கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றித்தான் எடுத்துப் போக வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பானர்) இறுக்கி, 15, 40, 80 கி.மீ. கடந்ததும் மறுபடி சரிபாருங்கள். புது சக்கரம் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் படியும், நட்டு தளரும்.

## டயர் ஒரு மாதிரியாகத் தேய்கிறது

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் இருந்தால் காற்று குறைவு. நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கிறது, அதை அச்சு வேலை தெரிந்த பட்டறைதான் பார்க்க வேண்டும். திட்டுத்திட்டாகக் குழி விழுந்தால் பேரிங் தளர்ச்சி அல்லது சக்கர பேலன்ஸ்.

காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிச் சாகும். பக்கச் சுவரில் உள்ள எண் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. 5, 6 வருடம் ஆகிவிட்டால் தேயாமல் நன்றாக இருந்தாலும் மாற்றுவேன். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வயதைப் பார்க்கவே வேண்டாம்.

டயர் மேல்மூடியில் உரசுகிறதா? முதலில் பாரத்தைக் குறைத்துப் பாருங்கள். காலியாக இருக்கும்போதும் இடைவெளி குறைந்தே இருந்தால் ரப்பர் அச்சுக்குள் இருக்கும் ரப்பர் தளர்ந்துவிட்டது. அதற்குப் பழுது பார்ப்பு கிடையாது. அச்சையே மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரையிலேயே பெரிய செலவு அதுதான்.

## ஓடும்போது டிரெய்லர் இடவலமாக ஆடுகிறது

ஆட்டம் தொடங்கிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆட்டத்தை எதிர்த்து ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள், வேகத்தைக் கூட்டி இழுத்துவிடலாம் என்றும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையட்டும். டிரெய்லர் பிரேக்கைத் தனியாகப் போடும் வசதி இருந்தால் அதை மட்டும் மெல்லப் போடலாம். அப்புறம் ஓரமாக நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

பாரம் பின்னால் இருக்கிறது. டியர்டிராப்பில் இதுதான் முதல் காரணம், ஏனென்றால் அடுப்படியே பின்னால்தான் இருக்கிறது. தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, இரும்புச் சட்டி எல்லாம் அச்சுக்குப் பின்னால் போய்ச் சேரும். அதற்கும் பின்னால் ஒரு சைக்கிள் மாட்டியைத் தொங்கவிட்டால் மூக்கு தூக்கிக்கொள்ளும்.

மூக்கு எடையை வீட்டிலேயே பார்க்கலாம். பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கப்ளருக்கு (காரின் கொக்கியில் உள்ள பந்தின்மேல் உட்கார்ந்து பூட்டும் பகுதி) நேர் கீழே எடை பார்க்கும் மிஷினும் அதன்மேல் ஒரு கட்டையும் வைத்து மூக்கை இறக்குங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருப்பது நல்ல கணக்கு. 700 கிலோ டிரெய்லர் என்றால் 70 முதல் 105 கிலோ. அதே சமயம் காரின் கொக்கிக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் உச்ச வரம்பையும் தாண்டக் கூடாது. எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

ஒருமுறை என் டிரெய்லரில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைப் பின்னாலிருந்து எடுத்துப் படுக்கையின் முன்பக்கம் வைத்தேன், நகராமல் இருக்கப் பட்டை போட்டுக் கட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. அதே சாலை, அதே வேகம், ஆட்டம் போயே போய்விட்டது.

காற்று குறைவு. டிரெய்லரில் மட்டுமல்ல, காரின் பின்சக்கரங்களிலும் பாருங்கள்.

வேகம். பல டிரெய்லர் டயர்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 105 கி.மீ.தான். பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கப்ளர் தளர்வு, அச்சு கோணல். மேலே உள்ள மூன்றும் சரியாக இருந்தும் ஆடினால் இரண்டு சக்கரங்களின் நடுவிலிருந்தும் கப்ளர் வரை அளவு நாடா பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது, பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

## கப்ளர் தகராறு

பூட்டவில்லை: கப்ளருக்குள் மண்ணும் கெட்டிப்பட்ட கிரீஸும் இருக்கும், துடைத்து எடுங்கள். அப்புறம் பந்தின் மேல் பொறித்திருக்கும் அளவைப் பாருங்கள். 2 அங்குலக் கப்ளரை 1⅞ அங்குலப் பந்தில் வைத்தால் பூட்டிவிட்ட மாதிரியே தெரியும், ஒரு பள்ளத்தில் இறங்கும்போது துள்ளிக் கழன்றுவிடும். அளவு சரியாக இருந்தும் பூட்டவில்லையென்றால் கப்ளரின் அடியில் இருக்கும் சரிசெய்யும் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள்.

பூட்டிய பிறகு மூக்கு ஜாக்கியை ஏற்றுங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழ வேண்டும். கப்ளர் மட்டும் தனியாக எழுந்தால் அது பூட்டவில்லை.

கழலவில்லை: ஏதோ இழுவிசையில் இருக்கிறது. சக்கரத்துக்குக் கட்டை வைத்துக் காரை ஒரு சாண் பின்னால் தள்ளுங்கள், தானாக வந்துவிடும். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் டம்மென்ற சத்தம்: கொக்கிக் குழாய்க்குள் இருக்கும் ஆட்டம் என்றால் இறுக்கும் கிளாம்ப் போட்டால் போதும். பந்தின் அடி நட்டு தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். கப்ளரின் வாய் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் கப்ளரையே மாற்றுங்கள். மூக்குக் குழாயின் வெல்டிங்கில் வெடிப்பு தெரிந்தால் அந்த இடத்திலேயே பயணத்தை நிறுத்திவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள்.

## உள்ளே ஈரம்

### முதல் கேள்வி: ஒழுகலா, மூச்சா?

இரண்டு பேர் படுத்துத் தூங்கினால் ஒரு இரவில் மூச்சாலும் உடம்பாலும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் அந்தச் சின்னக் கூட்டுக்குள் சேர்கிறது. அது ஜன்னலிலும், வெளிச்சுவரைத் தொடும் ஸ்க்ரூத் தலைகளிலும், மெத்தையின் அடியிலும் போய்க் குளிர்ந்து துளியாகும்.

மழையே இல்லாத இரவிலும் காலையில் ஈரமாக இருந்தால் அது மூச்சு ஈரம். கூரை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். குளிராயிற்றே என்று எல்லாவற்றையும் மூடினால் ஈரம் கூடும். மெத்தைக்கு அடியில் காற்று போகும்படி சட்டமோ வலைவிரிப்போ போடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை அங்கேதான் பிடிக்கும்.

மழைக்குப் பிறகோ ஓட்டிக்கொண்டு வந்த பிறகோ மட்டும் ஈரம் என்றால் ஒழுகல்.

### ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது

ஈரம் தெரியும் இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று நம்பாதீர்கள். கூரையில் புகுந்த தண்ணீர் சுவருக்குள் வழுக்கி மூன்றடி தள்ளி வந்து எட்டிப் பார்க்கும். எனக்குத் தலையணை மூலையில் ஈரம் வந்தது. ஜன்னலைத்தான் சந்தேகப்பட்டு இரண்டு தடவை சீல் வைத்தேன். கடைசியில் வெளியே கூரை ஓரத்து அலுமினியப் பட்டையில் ஒரு ஸ்க்ரூத் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதைப் பார்த்தேன். அலுமினியத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஈரம் படும்போது ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிபட்டுப் போகும். ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ கையோடு வந்துவிட்டது. முனையில் ஒட்டியிருந்த மரத்தூள் ஈரமாக, கருப்பாக இருந்தது.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே குழாயோடு. தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள்: முதலில் பக்கவாட்டுக் கதவின் அடி, அப்புறம் ஜன்னல், ஓர விளக்குகளின் ஸ்க்ரூ ஓட்டைகள், பின்மூடியின் கீல், கடைசியாகக் கூரை விசிறியின் சட்டம். ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடம் நிறுத்துங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. அழுத்தி அடிக்கவும் வேண்டாம், மழை மாதிரி விழட்டும்.

### அடைப்பது

கதவு ரப்பர் என்றால் முதலில் துடைத்துப் பாருங்கள். பாதி நேரம் ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு காய்ந்த இலைதான் இருக்கும். ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தாள் லேசாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் அழுத்தவில்லை.

ஜன்னல், விசிறிச் சட்டம் ஒழுகினால் மேலே பசையைப் பூசி மெழுகுவது ஒரு பருவம்கூடத் தாங்காது. சட்டத்தைக் கழற்றி, பழையதை முழுக்கச் சுரண்டி, அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து இறுக்கி, பிதுங்கியதை வெட்ட வேண்டும். அரை நாள் வேலை, ஆனால் பல வருடம் தாங்கும். சிலிக்கோனைத் தயவுசெய்து கூரையில் பயன்படுத்தாதீர்கள். அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிக்கோன்கூட ஒட்டாது. அடுத்த தடவை வேலை செய்பவர் அதைச் சுரண்டியே ஓய்ந்துபோவார்.

எப்போது தொழில் தெரிந்தவர்: ஈரம் பட்ட பிளைவுட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கெட்டியாக எதிர்த்தால் காய வைத்து அடைத்தால் போதும். உள்ளங்கை அளவுக்குள் மெத்தென்று இறங்கினால் காய வைத்து எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றிக் காப்பாற்றலாம். தரை, அல்லது பக்கச் சுவர் சட்டத்தோடு சேரும் கீழ் ஓரம் மெத்தென்று இருந்தால் அது கூட்டைத் தாங்குகிற மரம். அங்கே ஒட்டுப்போடக் கூடாது, மர வேலை தெரிந்தவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

## காலையில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது

பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் விட்டு வோல்ட்டைப் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரியில் 12.7 நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் பேட்டரியில் வோல்ட் கடைசி வரை ஒரே மட்டத்தில் நிற்கும், அதனால் வோல்ட்டை வைத்து அளவு சொல்ல முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மீட்டர் வேண்டும். லித்தியம் திடீரென்று 0 காட்டினால் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை இணைப்பைத் துண்டித்திருக்கும். லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும். உறைகிற குளிரில், அதாவது 0 டிகிரிக்குக் கீழே, லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது.

நிரம்பவே இல்லை. காரிலிருந்து வரும் ஒயர் மெல்லியதாக இருந்தால் 4 மணி நேரம் ஓட்டினாலும் பேட்டரியில் ஒன்றும் சேராது. எஞ்சின் ஓடும்போது டிரெய்லர் பேட்டரியில் வோல்ட்டைப் பாருங்கள். 13-ஐத் தாண்டவில்லையென்றால் இதுதான். தடித்த ஒயரும், டிரெய்லரிலேயே வைக்கும் டி.சி. சார்ஜரும்தான் தீர்வு. சோலார் தகடு என்றால் அதன்மேல் மரக்கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாக விழும்.

யாருக்கும் தெரியாமல் குடிக்கிறது. நெகட்டிவைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள். எல்லாம் அணைத்த பிறகும் 0.5 ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எண் விழும் இடத்தில் திருடன் இருக்கிறான். இன்வெர்ட்டரை அணைக்காமல் விட்டிருப்பதுதான் நான் அதிகம் பார்த்தது.

குளிர்பெட்டி மட்டும் நின்றுபோகிறது. பேட்டரி நன்றாக இருந்தும் இது நடந்தால் குளிர்பெட்டி ஓடும்போது பேட்டரியிலும், பெட்டியின் பிளக்கிலும் வோல்ட்டைப் பாருங்கள். 0.5-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரும் பிளக்கும்தான் தின்கின்றன. சிகரெட் லைட்டர் மாதிரி பிளக் தொட்டால் சுடும். அதை வெட்டிவிட்டு இறுக்கிப் பூட்டும் வகை பிளக் போடுங்கள்.

## கதவு மூடவில்லை, பின்மூடி நிற்கவில்லை

முகாமில் நிறுத்திய பிறகு மட்டும் கதவு உரசினால் நான்கு மூலையில் இருக்கும் முட்டுக்கால்களை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறீர்கள். அவை ஆட்டத்தை நிறுத்துவதற்கு, டிரெய்லரைத் தூக்குவதற்கு அல்ல. எல்லாவற்றையும் தளர்த்துங்கள், சக்கரத்துக்குப் பலகை வைத்து ரசமட்டம் பார்த்துச் சமன் செய்யுங்கள், கடைசியில் முட்டுக்காலைத் தரையைத் தொட்டு ஒரு சுற்று மட்டும் இறக்குங்கள். கதவு தானாகச் சரியாகும். ஓடும்போதும் உரசினால் கீல், அதுவும் சரியென்றால் சட்டம் முறுக்கியிருக்கிறதா என்று பட்டறையில் பார்க்க வேண்டும்.

பின்மூடி குளிர்காலையில் மட்டும் இறங்கினால் கேஸ் தண்டுக்குள் அழுத்தம் குறைவது இயல்பு. வெயிலிலும் இறங்கினால் தண்டு முடிந்துவிட்டது. அதன்மேல் பொறித்திருக்கும் நியூட்டன் எண்ணைப் பார்த்து அதையே வாங்கி, இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். மாற்றும்போது பின்மூடியை ஒரு கட்டையால் முட்டுக் கொடுங்கள், அதன் கீழே தலையை நீட்டித்தான் வேலை செய்யப் போகிறீர்கள்.

## அடுப்பு சரியாக எரியவில்லை

தீ ரொம்பச் சின்னது, பர்னர் எல்லாமே அப்படித்தான்: சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்திருப்பீர்கள். பல ரெகுலேட்டர் இணைப்புகளில் கேஸ் திடீரென்று பாய்ந்தால் குழாய் அறுந்ததாகக் கருதி ஓட்டத்தைக் குறைக்கும் பாதுகாப்பு உண்டு. அடுப்புக் குமிழ்களையும் சிலிண்டரையும் மூடுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள், சிலிண்டரை மெதுவாகத் திறங்கள்.

குளிரில் மட்டும் எரியவில்லை: பியூட்டேன் சிலிண்டராக இருக்கும். 0 டிகிரியை நெருங்கும்போது பியூட்டேன் ஆவியாகாது. குளிர்ப் பிரதேசத்துக்குப் புரொபேன்தான் சரி.

தீ மஞ்சளாக, புகையோடு எரிகிறது: பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த டிரெய்லரில் இது கிட்டத்தட்ட நிச்சயம். பர்னரைக் கழற்றி மெல்லிய தூரிகையால் குழாயைத் துடையுங்கள். மஞ்சள் தீ கார்பன் மோனாக்சைடு கக்கும், அதற்கு வாசனை கிடையாது. எந்தக் குளிரிலும் படுக்கைக் கூட்டைச் சூடாக்க அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

கேஸ் வாசனை: சிலிண்டரை மூடுங்கள். எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம், விசிறியைக்கூட. கதவுகளையும் பின்மூடியையும் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். புரொபேன் காற்றைவிடக் கனமானது, மேலே எழுந்து போகாமல் தரையோடு படுக்கை மட்டத்தில் தேங்கும். அதனால் மூக்குக்கு வாசனை போன பிறகும் கீழே இருக்கலாம், தாராளமாக நேரம் கொடுங்கள். அப்புறம் சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். தீக்குச்சியால் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். குமிழி சிலிண்டர் இணைப்பில் வந்தால் ரப்பர் வளையத்தைப் பார்த்து மறுபடி இறுக்கலாம். ரெகுலேட்டரிலோ, சுவருக்குள் போகும் குழாயிலோ வந்தால், அல்லது வாசனை வருகிறது, குமிழி எங்கேயும் இல்லை என்றால், சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு கேஸ் வேலைக்கு உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை சாப்பாட்டை வெளியே தனி அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம்.